மூச்சை இழுக்க வேண்டாம்

கோவில்பட்டியில் பாதிப் பேரின் எலும்பு பக்ருன்னிசாவுக்குத் தெரியும். ஆளின் பெயர் மறந்திருக்கும். ஆனால் இவருக்கு வலது மணிக்கட்டில் பழைய முறிவு ஒன்று உண்டு, அவருக்கு முதுகெலும்பு லேசாக வளைந்திருக்கும் என்பது மட்டும் ஞாபகத்தில் இருக்கும். 1994இல் எக்ஸ்ரே வேலைக்கு வந்தவர். படத்தை இருட்டறையில் மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்து, கிளிப்பில் மாட்டிக் காயவைத்த காலம் அது. அவருடைய அத்தா மஸ்தான் தீப்பெட்டி ஆலைகளுக்கு அட்டையும் நீலத்தாளும் விற்றவர். கடைக் கல்லாவில் மகளை உட்கார வைக்க விரும்பாமல் திருநெல்வேலிக்கு அனுப்பி இந்தப் படிப்பைப் படிக்க வைத்தார். கல்யாணமாகி, முஹ்சினா என்று ஒரு மகள் பிறந்து, அந்தப் பெண் ஏழாம் வகுப்புக்கு வந்த பிறகும் பக்ருன்னிசா வேலையை விடவில்லை.

2007 கோடையில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஸ்கேன் சென்டர் புது சி.டி. ஸ்கேன் இயந்திரம் ஒன்றை வாங்கியது. பழைய இயந்திரம் ஒரு சுற்றுக்கு ஒரு படம் எடுக்கும். புதியது ஒரே சுற்றில் பதினாறு. அதை ஓட்டும் பொறுப்பு பக்ருன்னிசாவுக்கு வந்தது.

அந்த இயந்திரத்துக்கு ஒரு குரல் இருந்தது. நெஞ்சைப் படம் எடுக்கும்போது ஆள் மூச்சை அடக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் கலங்கிவிடும். அதற்காக, சரியான நேரத்தில் ஓர் ஆண் குரல் ஆங்கிலத்தில் கட்டளையிடும். பொத்தானை மாற்றினால் இந்தியில் சொல்லும். முதல் வாரமே கயத்தாறிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் அந்தக் குரலைக் கேட்டு, "யாருய்யா அது?" என்று மேசையில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எடுத்த படம் வீணாகிப் போனது.

இயந்திரத்தைப் பொருத்த வந்த பொறியாளரிடம் பக்ருன்னிசா கேட்டார்: "இதுல நம்ம குரலைப் பதிய முடியுமா சார்?"

முடியும் என்றார் அவர். மறுநாள் காலை ஆட்கள் வருவதற்கு முன்பே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு பக்ருன்னிசா மைக்கில் பேசினார். 'மூச்சை நல்லா இழுங்க... இன்னும் நல்லா... அப்படியே பிடிச்சுக்கோங்க.' மூன்றாவது தடவை பேசியது திருப்தியாக இருந்தது. அன்றிலிருந்து அந்த அறையில் அவர் குரல்தான் ஒலித்தது. படுத்திருந்த பலர் அதற்கு "சரிம்மா" என்று பதில்கூடச் சொன்னார்கள். வீட்டில் கணவர் அஸ்லம் கேலி செய்தாலும், பக்ருன்னிசாவுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் செண்பகராஜ் வந்தார்.

செண்பகராஜ் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியர். ஒரு காலத்தில் மாவட்ட அணிக்கு ஹாக்கி ஆடியவர். வயது நாற்பத்தொன்று. நவம்பரில் நாகலாபுரம் பக்கம் ஒரு விசேஷ வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, மழையில் ஊறிக் கிடந்த கரிசல் மண்ணில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தார். இடது கால் முட்டிக்குக் கீழே எலும்பு உடைந்தது. தலையிலும் அடி. அன்றும் தலையை ஸ்கேன் செய்தது பக்ருன்னிசாதான். மூளையின் ஓரத்தில் கசிந்திருந்த கொஞ்சம் ரத்தம் பெரிதாகாமல் நின்றுவிட்டது. காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நான்கு வாரம் கழித்து ஒரு காலை, கழிவறைக்குப் போகக் கைத்தடியை ஊன்றி எழுந்தவருக்கு மூச்சு முட்டியது. வலது விலாவில் ஊசி குத்துவது போல வலி. மனைவி பூங்கொடி ஆட்டோ பிடித்து, ஆறுமுகசாமி டாக்டரின் சிறிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். டாக்டர் கால்கட்டைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார். அசையாமல் கிடந்த காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைத்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். மேலும் உறையாமல் இருக்க உடனே ஓர் ஊசி போட்டுவிட்டு, ஸ்கேனுக்கு அனுப்பினார்.

ஸ்கேன் சென்டர் வாசலில் பூங்கொடி பக்ருன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, கட்டின்னு சொல்லுதாங்களே. அப்படின்னா புத்துநோயா?"

"அய்யோ, அது இல்லம்மா. இது ரத்தம் உறைஞ்சு வார கட்டி. இருக்கான்னுதான் பாக்கப் போறோம். இருந்தாலும் மருந்து இருக்கு. பயப்படாதீங்க."

நுரையீரல் ரத்தக்குழாயைச் சும்மா படம் எடுத்தால் ஒன்றும் தெரியாது. குழாயும் சாம்பல் நிறம், உள்ளே ஓடும் ரத்தமும் சாம்பல் நிறம், கட்டி இருந்தால் அதுவும் அப்படியே. அதனால் கை நரம்பு வழியாக 'டை' என்ற மருந்தைச் செலுத்துவார்கள். பெயர்தான் சாயம், பார்க்கத் தண்ணீர் போலத்தான் இருக்கும். அது கலந்த ரத்தம் படத்தில் பால் போல வெள்ளையாகத் தெரியும். கட்டி இருந்தால் அந்த வெள்ளைக்குள் கறுப்பாக நிற்கும். டை நுரையீரல் குழாயில் நிறைந்திருக்கும் நேரம் சில நொடிகள்தான். அந்தச் சில நொடிக்குள் படம் எடுத்துவிட வேண்டும்.

முழங்கை மடிப்பில் பெரிய ஊசியாகப் பார்த்துக் குத்திவிட்டு பக்ருன்னிசா சொன்னார்: "சார், மருந்து போகும்போது உடம்பெல்லாம் சுடும். ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி இருக்கும். போயிருக்க மாட்டீங்க. அதை நினைச்சு அசையாதீங்க."

செண்பகராஜ் அந்த வலியிலும் சிரித்தார். "அதை முன்னமே சொன்னதுக்கு நன்றிம்மா."

பக்ருன்னிசா வெளியே வந்து கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தார். மருந்து கையில் ஏறியது. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் பெரிய குழாயின் மேல் டை வருவதைக் காட்ட அவர் குறித்து வைத்திருந்த சின்ன வட்டம் திரையில் மெல்ல வெளுத்தது. இயந்திரம் அதை உணர்ந்து அவருடைய குரலை ஒலிக்கவிட்டது. 'மூச்சை நல்லா இழுங்க... இன்னும் நல்லா...' செண்பகராஜ் இழுத்தார். விலா வலியைப் பொறுத்துக்கொண்டு, மார்பு பந்து போல உயரும்படி இழுத்தார். மேசை நகர்ந்தது. ஏழு நொடியில் எல்லாம் முடிந்தது.

படங்களைப் பார்த்த டாக்டர் லிங்கராஜ் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஸ்கேன் படங்களைப் படித்து அறிக்கை எழுதும் மருத்துவர் அவர், தினமும் காலையில் திருநெல்வேலியிலிருந்து வருவார்.

"என்னம்மா இது? நுரையீரல் குழாய் ரெண்டு பக்கமும் மங்கிக் கிடக்கு. திட்டுத்திட்டா கறுப்பு தெரியுது. பெரிய கட்டிபோலயும் இருக்கு, டை சேராத மாதிரியும் இருக்கு."

அவர் ஆறுமுகசாமி டாக்டரைத் தொலைபேசியில் அழைத்தார். பக்ருன்னிசா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் பெரிய குழாய்களில் கட்டி என்றால், அதைக் கரைக்கும் வீரியமான மருந்தை யோசிக்க வேண்டும். ஆனால் நான்கு வாரத்துக்கு முன்புதான் இவர் தலையில் ரத்தம் கசிந்திருக்கிறது. கரைக்கும் மருந்து கொடுத்தால் மூளையில் ரத்தம் பீறிடலாம். கொடுக்காமல் விட்டால் அடைப்பே ஆளைக் கொல்லலாம். மதுரைக்கு அனுப்புவதென்றால் இரண்டு மணி நேரம் வண்டியில் போக வேண்டும், வழியில் என்ன ஆகுமோ தெரியாது.

"அரை மணி நேரத்துல முடிவு சொல்லுதேன்" என்று லிங்கராஜ் தொலைபேசியை வைத்தார்.

பக்ருன்னிசா திரையைவிட்டு நகரவில்லை. ஏதோ ஒன்று அவருக்குப் பொருந்தி வரவில்லை.

"டாக்டர், ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லுங்க."

"டை நுரையீரல் குழாய்க்கு வந்ததை நான் கண்ணால பாத்தேன். வட்டம் வெளுத்துச்சு. இப்பப் படத்தைப் பாருங்க. கையில இருந்து இதயத்துக்குப் போற நரம்புல நல்ல வெள்ளை. நுரையீரலைத் தாண்டி வெளிய வார பெரிய குழாய்லயும் வெள்ளை. முன்னாலயும் இருக்கு, பின்னாலயும் இருக்கு. நடுவுல மட்டும் எங்க போச்சு?"

லிங்கராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "படம் எடுத்த நேரம் தப்பியிருந்தா முன்னாலயோ பின்னாலயோ ஒண்ணு வெளுக்காம இருக்கணும். இது அப்படியும் இல்லை."

பக்ருன்னிசா அலமாரியைத் திறந்தார். இந்த மாதிரி ஸ்கேன் அந்த ஊரில் அபூர்வம். இயந்திரம் வந்த ஒன்றரை வருடத்தில் செண்பகராஜுக்கு முன் ஒன்பது பேருக்குத்தான் எடுத்திருந்தார்கள். பதிவேட்டில் பெயர்களைத் தேடி, ஒன்பது பேரின் குறுந்தகடுகளையும் எடுத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். மூன்று பேருக்குப் படம் மிக நன்றாக விழுந்திருந்தது. கிளை கிளையாக, வெள்ளை மரம் போல. அதில் ஒருவர் பெத்தம்மாள், எட்டயபுரத்துக்காரர், எழுபத்தெட்டு வயது. மற்ற இருவரும் ஸ்ட்ரெச்சரில் வந்தவர்கள், மூச்சு விடவே திணறியவர்கள். நான்கு படங்கள் சுமார். மோசமாக விழுந்தவை இரண்டு. ஒன்று மில்லில் மூட்டை தூக்கும் இருபத்தாறு வயது இளைஞருடையது. இன்னொன்று பிள்ளை பெற்று இரண்டு வாரமே ஆன, திடமான பெண்ணுடையது. இரண்டுக்கும் 'தெளிவாக இல்லை' என்று எழுதி மதுரைக்கு அனுப்பியிருந்தார்கள்.

நோய் முற்றியவர்களுக்குப் படம் நன்றாக இருக்கிறது. வாட்டசாட்டமாக இருந்தவர்களுக்குக் கெட்டுப்போயிருக்கிறது. எங்கோ தலைகீழாக இருக்கிறதே என்று பக்ருன்னிசா யோசித்தார். பெத்தம்மாளின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த அம்மாளுக்குக் காது கேட்காது. குரல் ஒலித்தபோது எதுவுமே செய்யாமல் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். மூச்சை இழுக்கவே இல்லை. அப்படியும் படம் இவ்வளவு நன்றாக வந்திருக்கிறதே என்று அன்று பக்ருன்னிசா ஆச்சரியப்பட்டது உண்டு.

செண்பகராஜின் மார்பு பந்து போல எழும்பியது கண்முன் வந்து நின்றது.

"டாக்டர்," என்றார். "தப்பு என் குரல்லதான் இருக்கு. நல்லா இழுங்க, இன்னும் நல்லா இழுங்கன்னு நான் சொல்லுதேன்லா. யாரெல்லாம் அதைக் கேட்டு நல்லா இழுத்தாங்களோ அவிய படம் கெட்டிருக்கு. இழுக்க முடியாதவிய படம் நல்லா இருக்கு. பாருங்க."

ஒன்பது படங்களையும் லிங்கராஜ் வரிசையாகப் பார்த்தார். பிறகு மேசையில் கையால் தட்டினார்.

"ஆமாம்மா! நெஞ்சு ஒரேயடியா விரியும்போது கீழ வயித்துப் பக்கம் இருந்து ரத்தம் குபுக்குன்னு இதயத்துக்குள்ள ஏறும். அந்த ரத்தத்துல டை கிடையாது. டை வார நேரத்துல அது உள்ள பாய்ஞ்சா ரெண்டும் கலந்து நீர்த்துப்போகும். குழாய்க்குப் போறது அந்த நீர்த்த ரத்தம்தான். அதைத்தான் நாம படம் எடுத்துட்டு உக்காந்திருக்கோம். எங்கயோ படிச்சிருக்கேன். இங்கன நடக்கும்னு தோணவே இல்லை."

"அப்ப இது கட்டி இல்லையா?"

"இந்தப் படத்தை வச்சு இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. திரும்ப எடுக்கணும்."

காலையில் எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தது, இன்னொரு முறை டை ஏற்றினால் தாங்கும். சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பாக, குளுக்கோஸ் ஏற்றுவது போல உப்புநீரை ஒரு மணி நேரம் ஏற்றுவது என்று முடிவானது. செண்பகராஜின் நாடியும் ரத்த அழுத்தமும் நிலையாக இருந்ததால் அவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று ஆறுமுகசாமி டாக்டரும் ஒத்துக்கொண்டார்.

பூங்கொடியிடம் சொல்லும் வேலையை பக்ருன்னிசா தானே எடுத்துக்கொண்டார். மெஷின் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். நரம்பு சரியில்லை என்றும் சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"முதல் படம் சரியா விழலைம்மா. சார் மேல தப்பு இல்லை. நான் மூச்சை நல்லா இழுக்கச் சொன்னேன், அதனால மருந்து நீர்த்துப்போச்சு. இன்னொரு தடவை எடுக்கணும்."

பூங்கொடி அவரை வெறித்துப் பார்த்தார். "மறுபடியுமா? அந்த மருந்தே சூடுன்னு சொன்னாவ. உங்களுக்கே தெரியாம செஞ்சிட்டு, இப்பத் திரும்பச் செய்யணும்னா எப்படிக்கா நம்புறது?"

"காலையில எனக்குத் தெரியாதும்மா. இப்பத் தெரியும்" என்றார் பக்ருன்னிசா.

உள்ளே ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த செண்பகராஜுக்கு எல்லாம் கேட்டது. "பூங்கொடி, அவிய செய்யட்டும்" என்றார். "கோல் விழுந்துச்சா இல்லையான்னு நடுவருக்குச் சந்தேகம்னா சும்மா விட முடியாதுல்லா."

ஒரு மணி நேரத்தை பக்ருன்னிசா வீணாக்கவில்லை. பக்கத்தில் நின்று அவரைப் பழக்கினார்.

"சார், நான் நிறுத்துங்கன்னு சொல்லுவேன். அப்ப அப்படியே நிறுத்துங்க, பாப்போம்."

செண்பகராஜ் ஆழமாக இழுத்து நிறுத்தினார்.

"இழுக்கக் கூடாது சார்."

"இழுக்காம எப்படிம்மா நிறுத்துறது? பதினெட்டு வருஷமா பிள்ளையள ஏலே இழு, ஏலே நல்லா இழுன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதவன் நான்."

"இப்ப எங்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கீங்கல்லா. பேச்சுக்கு நடுவுல யாராவது கூப்பிட்டா சட்டுன்னு நிறுத்துவீங்கல்லா. அந்த மாதிரி. இருக்கிற மூச்சோட அப்படியே நில்லுங்க."

மூன்றாம் தடவையும் மார்பு எழும்பியது. ஐந்தாம் தடவை பாதிதான் எழும்பியது. எட்டாம் தடவை அசையவே இல்லை. வலி குறைவாக இருக்கிறதே என்று செண்பகராஜே ஆச்சரியப்பட்டார்.

பக்ருன்னிசா இயந்திரத்தின் குரலை அணைத்துவிட்டு மைக்கைக் கையில் எடுத்தார். லிங்கராஜ் பின்னால் நின்றார். டை ஏறியது. திரையில் அந்தச் சின்ன வட்டம் சாம்பலாகவே இருந்தது. பிறகு வெளுக்கத் தொடங்கியது.

"சார், நிறுத்துங்க" என்றார் பக்ருன்னிசா, எதிரில் இருப்பவரிடம் பேசும் குரலில்.

செண்பகராஜின் மார்பு அசையாமல் நின்றது. மேசை நகர்ந்தது. அந்த ஏழு நொடியும் தானும் மூச்சு விடவில்லை என்பது, "விடுங்க சார்" என்று சொல்ல வாயைத் திறந்தபோதுதான் பக்ருன்னிசாவுக்குத் தெரிந்தது.

திரையில் படம் ஒவ்வொன்றாக வந்தது. பெரிய குழாய் வெள்ளை. இடது கிளை வெள்ளை. வலது கிளை வெள்ளை. அதற்குக் கீழே பிரிந்த கிளைகளும் வெள்ளை. காலையில் பார்த்த கறுப்புத் திட்டுகள் எங்குமே இல்லை. லிங்கராஜ் அவசரப்படாமல் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தார். வலது நுரையீரலின் அடிப்பக்கத்தில் இரண்டு சின்னக் கிளைகளின் மேல் விரலை வைத்து நிறுத்தினார். வெள்ளைக்குள் மிளகு அளவில் கறுப்பு.

"இதாம்மா கட்டி. ரெண்டே ரெண்டு, அதுவும் சின்னக் குழாய்ல. விலா வலி இதாலதான். கரைக்கிற மருந்தெல்லாம் வேண்டாம். இப்பப் போடுற ஊசியும் பிறகு மாத்திரையும் போதும்." ஆறுமுகசாமி டாக்டரின் எண்ணை அழுத்தும்போது அவர் முகம் தெளிந்திருந்தது.

பக்ருன்னிசா வெளியே ஓடினார். நடந்துதான் போனார், ஆனால் ஓடியது போலத்தான் பூங்கொடிக்குத் தெரிந்ததாம்.

"சின்னக் கட்டிதாம்மா. மாத்திரையில சரியாகிரும். தலைக்கும் ஒண்ணும் ஆகாது. மதுரைக்கெல்லாம் போக வேண்டாம்."

பூங்கொடி பெஞ்சில் உட்காரப் போய், இடம் தவறித் தரையில் உட்கார்ந்துவிட்டார். சேலைத் தலைப்பால் முகத்தை மூடி அழுதார். கொஞ்ச நேரத்தில் தலையை நிமிர்த்தி, "காப்பி குடுக்கலாமா அக்கா? காலையில இருந்து அவிய பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல" என்றார்.

"குடுக்கலாம். தண்ணியும் நிறையக் குடிக்கச் சொல்லுங்க. நீங்களும் ஒரு காப்பி குடிங்க."

அன்று மதியச் சாப்பாட்டுக்கு மணி நாலாகிவிட்டது. டிபன் பெட்டியில் இருந்த புளிச்சோறும் துவையலும் இறுகிப்போயிருந்தன. பக்ருன்னிசா ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

மறுநாளே, படம் கெட்டுப்போன அந்த இரண்டு பேரையும் தேடினார். மில் இளைஞர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மதுரையில் திரும்ப எடுத்ததில் கட்டி எதுவும் இல்லையாம், வெறும் சளிக் காய்ச்சல். பிள்ளை பெற்ற பெண்ணுக்குச் சின்னதாக ஒன்று இருந்து, மாத்திரையில் சரியாகியிருந்தது. தொலைபேசியை வைத்துவிட்டு பக்ருன்னிசா பதிவேட்டை மூடினார். 'அல்ஹம்துலில்லாஹ்' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

நுரையீரல் ரத்தக்குழாய்க்கு மட்டும் தனியாக ஒரு பதிவைச் செய்தார். 'நிறுத்துங்க' என்று ஒரே வார்த்தை. மற்ற ஸ்கேன்களுக்குப் பழைய பதிவே இருந்தது, அவற்றுக்கு ஆழமான மூச்சுதான் நல்லது. புதிய பதிவு ஒலிப்பதற்கு முன், மேசைக்குப் பக்கத்தில் நின்று ஐந்தாறு தடவை பழக்கிவிடுவதும் வழக்கமானது. இதற்காக ஆளுக்குப் பத்து நிமிடம் கூடுதலாகிறது என்று நிர்வாகி முணுமுணுத்தார். லிங்கராஜ் அவரிடம் பேசிச் சரிக்கட்டினார்.

செண்பகராஜ் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார். ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று மாதம் ஒரு முறை பார்த்துக்கொண்டார். மாத்திரைக்கு ஆகாது என்று கீரையைக் குறைக்க வேண்டியிருந்தது, அதுதான் தனக்குப் பெரிய தண்டனை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஜூனில் பள்ளி திறந்தபோது கைத்தடி இல்லாமல் மைதானத்தில் நின்றார். ஓடவில்லை. ஓரத்தில் நின்று ஊதலை ஊதினார், ஊத மூச்சு இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் அந்த ஸ்கேன் சென்டரில் இருபத்துமூன்று பேருக்கு நுரையீரல் ரத்தக்குழாயைப் படம் எடுத்தார்கள். திரும்ப எடுக்க வேண்டி வந்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் ஊசி நரம்பிலிருந்து நழுவி, மருந்து தோலுக்கடியில் இறங்கிக் கை வீங்கியதால். பக்ருன்னிசா அந்தக் கையில் ஐஸ் கட்டி வைத்து, மறு கையில் நரம்பு தேடிக் குத்தி எடுத்தார். படம் நன்றாக வந்தது.